கல்மழை எழுதிய பலகை

எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை சாத்தியிருக்கிறது. அதன் மேல்மூலையில் 'யூரியா வந்துள்ளது' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியது இன்னும் அழியவில்லை. அதற்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில்தான் சித்தப்பா தினமும் காலையில் சாக்பீஸால் எழுதுவார். அவர் இல்லை, பலகை இருக்கிறது. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைத் திருப்பிப் பார்ப்பதுபோல எனக்கு ஒரு உறுத்தல்.

சுருளிப்பட்டி பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவருக்கு உரக்கடை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சும்மா நிற்கக் கூடாதென்று, இதே நாளில் உலகத்தில் நடந்த விசித்திரம் ஒன்றை எழுதிவைப்பார். அமெரிக்காவில் ஒரு ஊரில் பாகுத்தொட்டி உடைந்து, தெருவில் வெள்ளமாக ஓடி ஆட்களைக் கொன்றது என்று ஒரு நாள் எழுதியிருந்தார். கரும்பு ஆலைக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "பாகு ஓடுமாம், ஆளு ஓட மாட்டானாம். யாருகிட்ட கத விடுற?" கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் தேடிப் பார்த்துவிட்டு, நிஜம்தான் என்று சொன்னேன். அன்றிலிருந்து பலகையில் இருப்பது வேதவாக்கு ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பட்டாளம் ஈமுக்கோழிகளோடு சண்டை போட்டுத் தோற்றதைக்கூட மறுபேச்சில்லாமல் நம்பினார்கள்.

நம்பாதவர் அப்பா ஒருவர்தான். எதைச் சொன்னாலும் "யாரு சொன்னா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பால்காரர் விலை ஏறிவிட்டது என்றாலும் யாரு சொன்னா, டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்றாலும் யாரு சொன்னா. அந்தச் சந்தேகம் எனக்கும் ரத்தத்தில் வந்திருக்கிறது.

அது பங்குனி மாதம். பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. இனிப்பு ஏற இன்னும் சில நாள் வேண்டும். ஒரு காலையில் பலகையில் இருந்தது இதுதான்: 'முன்பு இதே நாளில் நம் பக்கத்தில் கல்மழை. பந்தலில் ஒரு குலை மிஞ்சவில்லை.' ஆலங்கட்டி ஒரு தடவை விழுந்த நாளை வானம் மறக்காது என்று பந்தல்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மலைப்பக்கம் வேறு மூடிக்கொண்டிருந்தது. பாகே நிஜமென்றால் கல்மழை பொய்யாகுமா? பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஊரே கத்தரியோடு பந்தலுக்குள் இறங்கிவிட்டது. புளிப்புப் பழத்தைக் கேட்ட விலைக்கு லாரியில் ஏற்றினார்கள். அப்பா மட்டும் கயிற்றுக்கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மழை பெய்யவில்லை. அடுத்த வாரம் ஊரில் பழம் இருந்தது எங்கள் தோட்டத்தில் மட்டும்தான். அப்பா சொன்னதுதான் விலை.

ஊர் கடை முன்னால் கூடியது. வியாபாரியிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு எழுதினான் என்றார்கள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "ஏலே, கல்மழைன்னு ஒனக்கு யாருடா சொன்னா?" என்று கேட்டார். சித்தப்பா அவரையே வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்தார். அதன்பிறகு அதில் எதுவும் எழுதவில்லை. கடைக்கு ஆள் வருவது நின்றது. கடையை மூடினார், பலகை எங்கள் கொட்டகைக்கு வந்தது. அவர் தேவாரத்தில் ஒரு மளிகைக் கடையில் சம்பளத்துக்கு நின்றார். ஊருக்கு அவர் செத்துத்தான் திரும்பினார். அப்போதும் இழவு வீட்டில் ஒருவர், "வியாபாரிக்கு வேண்டிய ஆளப்பா" என்று சொன்னதைக் கேட்டேன்.

போன மாதம் அனுமந்தன்பட்டியில் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பாவின் அக்கா அவர். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தக் கல்மழைக்கு வந்தது.

"பொய்யின்னு எவன் சொன்னது? இங்கன பேஞ்சுச்சே. எனக்குச் சடங்கு வச்சிருந்த அன்னைக்கு. தேதி மறக்குமா? எங்கய்யா பந்தலே சாஞ்சுபோச்சு. அந்த வெறுப்புலதான் இந்த மண்ணே வேணாம்னு சுருளிப்பட்டிக்குக் கெளம்புனாக. அந்தப் பேச்ச எடுத்தாலே அடிக்க வருவாக. நானும் உங்கப்பனும் கல்லப் பொறுக்கி வாயில போட்டுக்கிட்டோம்."

"சித்தப்பாவும் இருந்தாரா?"

"அவன் அப்பப் பொறக்கவே இல்லையேடா. நானும் அவன்கிட்டச் சொன்னதில்ல."

அத்தை தேதியையும் சொன்னார், சித்தப்பா பலகையில் எழுதிய அதே நாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பலகையில் கல்மழை எழுதியதற்கு முந்தின நாள், அப்பா பந்தலுக்கு மருந்து வாங்கிவருகிறேன் என்று தம்பி கடைக்குப் போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். கையில் மருந்து இல்லை. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தற்செயலாக இருக்கலாம். தாத்தாவே எப்போதாவது சின்ன மகனிடம் சொல்லியிருக்கவும் கூடும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆனால் சித்தப்பா அன்று அப்பாவைப் பார்த்த பார்வைக்கு இதிலெல்லாம் பதில் இல்லை.

அத்தை சொன்ன தேதி நேற்று வந்தது. காலையில் கொட்டகைக்குப் போய், பலகையைத் துடைத்துவிட்டு, அதே வரியை அதே இடத்தில் எழுதினேன். 'முன்பு இதே நாளில் நம் பக்கத்தில் கல்மழை.' அப்பா தடியை ஊன்றிக்கொண்டு மாட்டைப் பார்க்க வந்தார். பலகை முன்னால் நின்றார். கண் இடுக்கிப் படித்தார், இரண்டாவது முறையும் படித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரு சொன்னா என்று அவர் கேட்கவே இல்லை.