இடது கையால் வெட்டிய நூல்

பல்லடம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு பனியன் கம்பெனி முதலாளி குடித்துவிட்டு வந்து காரை என்மேல் ஏற்றினார். உயிர் பிழைத்தேன்; தையல் மிஷினில் துணி தள்ளிய வலது கை போயிற்று.

நஷ்டஈடு வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அடுப்பெரிய வேண்டுமே. வீட்டுக்கே பனியன்களை வாங்கிவந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் நூலை இடது கையால் கூலிக்கு வெட்டினேன்.

அதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். கோர்ட்டில் முதலாளியின் வக்கீல் அதைக் காட்டினார்.

“இது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“அப்ப வேலை செய்ய முடியுதுங்களே?”

“பசிக்குதுங்களே,” என்றேன்.

வெளியே வந்ததும் முதலாளி கும்பிட்டு, “மனசுல வெச்சுக்காதீங்கம்மா,” என்றார். அவர் குடித்ததைப் பற்றி அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. குற்றவாளியாய் நின்றது என் இடது கைதான்.

இப்போதும் கத்தரியை எடுக்கும்போதெல்லாம் தோன்றும். பட்டினி கிடந்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள்.