குழாயடியில் நான் விழவில்லை

ராயபுரத்தில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். "டான்ஸு கீன்ஸுன்னு ஆடினே, கால ஒடிச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனாலும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காகத் தோழி வீட்டில் ரகசியமாக ஆடிப் பழகினேன். ஒரு நாள் சுழன்று ஆடும்போது கணுக்கால் பிசகிவிட்டது.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். "குழாயடியில வழுக்கிட்டுதும்மா" என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை.

அம்மா நேரே அடுத்த வீட்டுக் கன்னியம்மாவிடம் சண்டைக்குப் போனாள். மீன் விற்றுவிட்டு வந்து குழாயடியில் கூடை கழுவுகிறவள் அவள்தான். "உன் மீன் தண்ணியாலதான்டி எம்பொண்ணு கால் போச்சு!" தெருவே வேடிக்கை பார்த்தது. கன்னியம்மா சாம்பலைப் போட்டுக் குழாயடியைத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

சில வாரம் கழித்து என் காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்த டாக்டர், தினமும் பாதத்தை வெந்நீரில் வைத்து, பிறகு யாராவது பிடித்து மெல்ல மடக்கி நீட்ட வேண்டும் என்றார். அதைக் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே கன்னியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னாலதானே பாப்பாவுக்கு இப்டி ஆச்சு. நானே புடிச்சு வுடறேன்மா."

அதன்பின் அவள் வராத நாளில்லை. மீன் வாடை போகச் சீயக்காய் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள். என் பாதத்தை மடியில் வைத்து, "நோவுதா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டு மடக்குவாள். நான் அழுதால் வலி என்று நினைத்துக்கொள்வாள்.

நான் நொண்டாமல் நடந்த அன்று அவள் கண் கலங்கிவிட்டது. "இனிமே என்மேல கோவம் இல்லியே பாப்பா?" என்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

"இல்லக்கா" என்றேன். ஒரு தப்பும் செய்யாதவளை நான் மன்னித்தேன்.