முப்பத்தைந்து கஜக் கயிறு

ஐம்பதுகளில் ஃபேரர் பார்க் திடலில் ஓடியவர்கள், பந்து உதைத்தவர்கள், சும்மா கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் கோவிந்தசாமியைத் தெரியும். வெறும் பேர் சொன்னால் சற்று யோசிப்பார்கள். ‘கோடு போடுற கோவிந்தசாமி’ என்றால் உடனே முகம் மலரும். திடலில் புல் வெட்டுவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர் உத்தியோகம். புல்லை எவனும் வெட்டிவிடலாம், கோட்டுக்குத்தான் கை வேண்டும் என்பது அவர் கட்சி. மனைவி மங்களம் வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து, "அந்த மூலை இழுத்துக்கிட்டுப் போகுது பாரு" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் காப்பி கிடைக்காமல் திண்டாடிய மனிதர் அவர்.

அந்தத் திடலை இப்போது நினைத்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் காற்பந்து, ஒரு பக்கம் ஹாக்கி, நடுவே யாரோ ஒருவர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார். யாரும் யாரையும் போ என்று சொன்னதில்லை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் புல்வாசமும் சுண்ணாம்பு வாசமும் கலந்து வரும். கோவிந்தசாமி அந்த வாசத்தோடுதான் வீட்டுக்குப் போவார், வேறு வாசம் அவர் உடம்பில் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

1958 ஏப்ரலில் ஒருநாள் ஒரு பெண் சைக்கிளில் வந்து அவருடைய சாமான் கொட்டகை முன்னால் இறங்கினார். மிஸ் யோகம் இராஜசிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. மகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்பயிற்சி விரிவுரையாளர். அவர் மனம் அதற்கும் மேலே ஒரு படிப்பில் இருந்தது. ஓடுகிறவன் இதயம் எப்படி அடிக்கிறது, எந்தப் பயிற்சி அவனை வேகமாக்குகிறது என்பதையெல்லாம் அளந்து பார்த்துப் படிக்கும் முதுநிலைப் படிப்பு. அது அப்போது இங்கே கிடையாது, இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பேராசிரியர், ‘சிறு ஆய்வு ஒன்று செய்து அனுப்பு, நன்றாக இருந்தால் செப்டம்பரில் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார். இருந்தது ஒரே ஓர் இடம்.

"கொஞ்ச தூரம் வேகமா ஓடுறது, நாடித்துடிப்பு இறங்கும்வரை நிக்கிறது, திரும்ப ஓடுறது. குளிர் நாட்டில இது நல்லா வேலை செய்யுதாம். எங்கட வெயிலுக்குச் சரிவருமா எண்டு பார்க்கப்போறன், கோவிந்தசாமி. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கிழமை. சனிக்கிழமை காலமை அரை மைல் ஓடவிட்டு நேரம் எடுப்பன். எனக்கு ஒரு வட்டம் வேணும். ஒரு சுற்று இருநூற்றிருபது கஜம், நாலு சுற்று ஓடினா அரை மைல்."

"வட்டம்னா எப்படி மிஸ்?"

"நடுவில முளை அடியுங்கோ. முப்பத்தைஞ்சு கஜக் கயிறு கட்டிச் சுத்தி வந்தா அளவு சரியா வரும்."

"அந்தத் தூங்குமூஞ்சி மரத்து வேர் மேல கோடு ஏறும் லா."

"ஏறட்டும். அளவு மட்டும் தப்பக்கூடாது. எல்லாம் அதிலதான் நிக்குது."

கோவிந்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கோட்டை நம்பி ஒருத்தர் சீமைக்குப் போகப் போகிறார்! புது மணிலாக் கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கினார். முப்பத்தைந்து கஜத்தை இரண்டு தரம் அளந்து, முனையில் முடிச்சுப் போட்டார்.

சனிக்கிழமை காலைகள் திருவிழாதான். சிராங்கூன் சாலை அரிசிக்கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைத் தள்ளிக்கொண்டு வந்து, ஓடுவதற்கு முன்னும் பின்னும் பன்னிரண்டு பேரையும் அதில் ஏற்றி நிறுத்தார்கள். வியர்வையில் எவ்வளவு எடை போகிறது என்று பார்க்கிறாராம் மிஸ். ஓடி முடித்ததும் ஒவ்வொருவரும் கழுத்தில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பை எண்ண வேண்டும். இதைப் பார்த்துத் தேக்கா சந்தைக்குப் போகிற வழியில் நின்ற ஒரு பெரியவர், மிஸ்ஸை டாக்டர் என்று நினைத்துத் தன் கையையும் நீட்டினார். மிஸ் மறுக்காமல் எண்ணிச் சொன்னார். அடுத்த வாரம் நாலு பெரியவர்கள் வந்து நின்றார்கள்.

ஓடியவர்களில் மாணிக்கம்தான் முதல். லெம்பு ரோடு பக்கம் தபால் கொண்டுபோகிற தபால்காரர், முப்பதைத் தொட்டவர். அந்த வயதில் ஓட்டப்பந்தயமா என்று வீட்டில் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் சனிக்கிழமை இரண்டு நிமிடம் பதினாலு விநாடி. ஐந்தாம் வாரம் பன்னிரண்டு. பத்தாம் வாரம் ஒன்பது! மற்றவர்களும் அப்படியே வாரா வாரம் குறைத்துக்கொண்டு வந்தார்கள். மிஸ் கணக்கைப் பேராசிரியருக்கு எழுத, அவர் ‘அபாரம், கடைசி வார முடிவையும் அனுப்பு, இடம் உனக்குத்தான்’ என்று பதில் போட்டார். அந்தக் கடிதத்தை மிஸ் கொட்டகையில் வைத்துக் கோவிந்தசாமிக்குப் படித்துக் காட்டினார், ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தார். கோவிந்தசாமிக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

அடுத்த நாள் தபால் பையோடு திடலைக் கடந்த மாணிக்கம் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணே, அந்த வேரை வெட்டிட்டீங்களா? புண்ணியமாப் போச்சு. மொதல்ல வாராவாரம் கால் தட்டும். இப்பல்லாம் தட்டவே மாட்டேங்குது."

வேரை யாரும் வெட்டவில்லை.

மாணிக்கம் போனதும் கோவிந்தசாமி மரத்தடிக்குப் போய்ப் பார்த்தார். வேர் இருந்த இடத்திலேயே இருந்தது. கோடுதான் அதைவிட்டு விலகி, ஒரு கஜம் உள்ளே தள்ளி, வெள்ளை வெளேர் என்று ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையிலிருந்து கயிற்றை எடுத்து வந்து காற்பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே பிடித்தார். கம்பத்துக்குக் கம்பம் எட்டு கஜம், அது மாறாது. நாலு தரம் பிடித்தால் முப்பத்திரண்டு, மீதி மூன்று கஜம் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது.

காரணம் அவருக்கே தெரிந்துவிட்டது. வாரத்தில் இரண்டு மழை கோட்டை அழித்துவிடும், மறுபடி போடுவார். போட்டு முடித்ததும், சுண்ணாம்பு கயிற்றைத் தின்றுவிடுமே என்று குழாயடியில் அலசி அலசித் தொங்கவிடுவார். வேறு கயிறாக இருந்தால் இவ்வளவு அக்கறை எடுத்திருக்க மாட்டார். மிஸ்ஸின் கயிறு என்பதால் ஒருநாள் தவறாமல் கழுவினார். புதுக் கயிறு கழுவக் கழுவ, கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கயிறு ஒரு கஜம் குறைந்தால் சுற்றில் ஆறு கஜம் குறையும், நாலு சுற்றில் இருபத்தைந்து. மாணிக்கம் வேகமாக ஓடவில்லை. குறைவாக ஓடியிருந்தார்.

இந்த இடத்தில் கோவிந்தசாமி செய்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. யாரிடமும் மூச்சு விடாமல் முடிச்சை அவிழ்த்து, ஒரு கஜம் சேர்த்துக் கட்டி, பழைய இடத்திலேயே வேர் மேல் கோடு போட்டார். இருபது வருஷமாகச் சேர்த்த பேர், ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்று பயந்தார்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மாணிக்கம் உயிரைக் கொடுத்து ஓடினார். இரண்டு நிமிடம் பதின்மூன்று. பன்னிரண்டு பேரும் மூன்று, நான்கு விநாடி பின்னால் போயிருந்தார்கள். மிஸ் ஸ்டாப்வாட்சைக் குலுக்கிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். கடைசியில் கோபம் மாணிக்கத்தின் மேல் பாய்ந்தது.

"கடிதம் வந்திட்டுதெண்டதும் பயிற்சியை விட்டிட்டீங்கள், என்ன?"

"இல்ல மிஸ். சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் இப்படி?"

மாணிக்கம் கண் கலங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சுண்ணாம்பு வாளியோடு பத்தடி தள்ளி நின்ற கோவிந்தசாமி எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

அதற்கப்புறம் மாணிக்கம் திடலுக்கு வரவில்லை. தபால் கொடுக்கப் போகும்போதுகூட ரோட்டின் அந்தப் பக்கமாகவே போனார். கோவிந்தசாமி வலியப் போய்க் கூப்பிட்டதற்கு, "வயசாயிடுச்சு அண்ணே. என் காலம் அவ்வளவுதான் போல" என்றார். மூன்று நாள் கோவிந்தசாமிக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார். மாடு பிடிக்கப் போகிறார் என்று நினைத்திருக்கலாம்.

கல்லூரி வாசலுக்கு வந்த மிஸ்ஸிடம் ஒன்று விடாமல் சொன்னார். வேர், கோல் கம்பம், குழாயடி, களவாகச் சேர்த்த ஒரு கஜம், எல்லாம். மிஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா மிஸ்."

"கடைசி நாள் வெயில் கூட எண்டு ஏதாவது எழுதிப்போட்டுக் கப்பல் ஏறியிருப்பன்."

"ஆமா மிஸ்."

"பிறகேன் வந்து சொல்லுறீங்கள்?"

"மாணிக்கம் தோத்துட்டோம்னு நெனச்சிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு போறான் மிஸ். அவன் தோக்கல. என் கோடுதான் தோத்துச்சு."

மிஸ் அவர் தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு, "இப்ப போங்கோ, கோவிந்தசாமி" என்றார். குரலில் இருந்த கோபம் உண்மையான கோபம். கோவிந்தசாமி கயிற்றை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

மிஸ் அன்றே மாணிக்கத்தின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். பேராசிரியருக்கும் உள்ளது உள்ளபடி எழுதினார். அந்த வருஷத்து இடம் வேறு யாருக்கோ போயிற்று. செப்டம்பரில் கிளம்ப வேண்டிய கப்பல் அவர் இல்லாமலே கிளம்பியது. அந்த நாளில் கோவிந்தசாமி துறைமுகத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவருஷம், ஊரெல்லாம் தேர்தல் பேச்சாக இருந்த நாட்களில், அதே சைக்கிள் கொட்டகை முன்னால் வந்து நின்றது. மிஸ் இரும்பு அளவுநாடா ஒன்றை அவர் கையில் கொடுத்தார். வேறு ஆளைப் பார்க்காமல் தன்னிடமே வந்தாரே என்று கோவிந்தசாமி நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆய்வு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிந்ததும் அவர் அளந்து உரக்கச் சொல்வார், மிஸ் குறித்துக்கொள்வார். கோடு வேர் மேல் ஏறி இறங்கியது. முதல் வாரமே மாணிக்கம் கால் தட்டி, வேரையும் அதன் பரம்பரையையும் திட்டினார். அந்த வசவைக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது கோவிந்தசாமிக்கு. பன்னிரண்டு வாரத்தில் கிடைத்த லாபம் ஒரு விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அது கால்கள் சம்பாதித்த விநாடி. பேராசிரியர் அதற்கே இடம் கொடுத்தார். 1959 செப்டம்பரில் மிஸ் கப்பல் ஏறினார். அன்று துறைமுகத்தில் கோவிந்தசாமியும் மாணிக்கமும் நின்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவன் ரோடு குவாட்டர்ஸில் கோவிந்தசாமியின் வாசலில் மிஸ் வந்து நின்றார். கையில் நீல அட்டை போட்ட தடித்த புத்தகம். படிப்பு முடிந்து எழுதிய ஆய்வேடு. நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியர்கள் பேர் வரிசையாக இருந்தது. மிஸ் அதைத் தாண்டி, ஆய்வு நடந்த முறையைச் சொல்லும் பக்கத்துக்குப் போய், இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தார்.

"முதல் ஆய்வு முழுவதும் தள்ளப்பட்டது. அளவில் பிழை இருப்பதைத் திடல் ஊழியர் வே. கோவிந்தசாமி தாமே கண்டறிந்து, தாமே வந்து தெரிவித்தார். இரண்டாம் ஆய்வின் அளவுகள் எல்லாம் அவர் எடுத்தவை."

கோவிந்தசாமி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என் தப்பைச் சீமை வரைக்கும் கொண்டு போயிட்டீங்களே மிஸ்."

"தப்பு எனக்கும்தான் அண்ணை," என்றார் மிஸ். அதுவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒருநாளாவது அந்தக் கயிற்றை நான் அளந்து பார்த்திருக்கவேணும். அதையும் எழுதியிருக்கிறன், கீழ இருக்கு. கண்டுபிடிச்சது மட்டும் நீங்கள்."

தன் பேர் எங்கே இருக்கிறது என்று கோவிந்தசாமி கேட்டார். மிஸ் விரலால் காட்டினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் அடியில் அவர் தன் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மங்களம், அடுப்பை அணைச்சிட்டு இங்க வா. மிஸ் என் தப்பைப் படிக்கிறாங்க. மொதல்லேருந்து கேளு."