பாறை சிவந்த காலை

எண்பதுகளின் நடுவில் நான் பினாங்கில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட, டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் மிச்சம். அண்ணன் குடும்பத்தோடு கோலாலம்பூரில் இருந்தார்.

அலுவலகத்தில் எனக்கு ஒரே ஒரு தோழி. பக்கத்து மேசைக்காரி, ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவற விடாத கத்தோலிக்கப் பெண். இரண்டு பேருக்கும் படம் பிடிப்பதில் பைத்தியம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரை, பாசார்ச் சந்தை என்று சுற்றுவோம். அப்படிச் சுற்றிய ஒரு மதியம், ஒரு பயண ஏஜென்ட் கடையின் கண்ணாடிக் கதவில் அந்தப் படத்தைப் பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் தனியாகக் கிடக்கும் ஒரு பெரும்பாறை. விடியல் வெளிச்சத்தில் அடுப்புக் கங்கு மாதிரி இருந்தது.

"ஒரு நாளைக்கு நாம ரெண்டு பேரும் அங்க போயி இதப் படம் புடிக்கணும்லா" என்றாள் அவள்.

அதைப் பேசிப் பேசியே சில வருஷங்கள் போயின. பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி, வேலையை விட்டுவிட்டு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் குடியேறினாள். முதலில் "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றாள். அடுத்த வருஷம் வயிற்றில் பிள்ளை. போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ போயிட்டு வாலா. எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தா கெழவி ஆயிடுவ."

போனேன்.

பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைத்திருந்தேன். விடிவதற்கு முன் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டபோது குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. நான் கொண்டுபோன மெல்லிய ஸ்வெட்டர் எதற்கும் ஆகவில்லை. எதிரே பாறை ஆறிப்போன சாம்பல் குவியலாகக் கிடந்தது. என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக, இல்லையென்றால் குடும்பமாக, ஒரே போர்வைக்குள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

வெளுக்கத் தொடங்கியதும் வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னிடம் வந்து, பாறையோடு தங்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொரு ஜோடி வந்தது. அப்புறம் மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம். தனியாக நிற்பவளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்தார்களோ என்னவோ, யாரோ ஒருவருடைய கேமரா என் கையில் இருந்துகொண்டே இருந்தது. எனக்கு மறுக்கத் தெரியவில்லை. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து முதல் வெளிச்சம் பாறையில் பட்டபோதும் நான் யாருடைய கேமராவிலோதான் கண்ணை வைத்திருந்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்த ஒரு புதுமணத் தம்பதிக்குப் பின்னால், பாறை உச்சியிலிருந்து நிறம் வழிந்து இறங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரின் நிறம்.

அவர்களுடைய கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவசரமாக என்னுடையதை எடுத்தேன். விறைத்த விரலால் பிலிமைச் சுற்றுவதே பெரும்பாடாக இருந்தது. வரிசையாகச் சில படங்கள் எடுத்தேன். கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தபோது அந்தச் சிவப்பு இன்னும் ஏறியிருந்தது. மனசு நிறைந்துபோய், இடது பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றேன். வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அங்கே நின்ற யாரோ ஒரு பெண் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துபோனாள்.

அதற்குப் பிறகு பாறையைப் பார்க்க என்னால் முடியவில்லை. மற்றவர்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து இருக்கையில் என் பை மட்டும் இருந்தது.

ஊருக்கு வந்து படங்களைக் கழுவி எடுத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"அடியே, அந்தக் கடையில ஒட்டியிருந்த படத்த விட நல்லா இருக்குலா. நீ எங்க? ஒரு படத்துலகூட நீ இல்லையே?"

"யாரு எடுக்கிறது?"

அவள் மறுபடி புரட்டினாள். ஒன்றில் என் நிழல் விழுந்திருந்தது. தரையில் நீளமாக, பாறையை நோக்கிப் படுத்திருந்தது.

"இது யாரு?"

"நான்தான்."

முதலில் சிரித்தாள். பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்தையா நிக்கிறியே" என்றாள், மெதுவாக. அதற்குள் பிள்ளை வீறிட்டு அழ, படங்களை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் தாலாட்டுவது கேட்டது. பஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்ததையெல்லாம், அந்தக் குளிரை, அந்த நிறத்தை, திரும்பிப் பார்த்து நான் கேட்ட கேள்வியை, அவள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. அவளுடைய வீட்டுக்காரர்தான் வந்தார்.

"அவ பிள்ளையோட அப்படியே தூங்கிட்டா. பாவம், ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. வாங்க, காடியில ஃபெர்ரி வரைக்கும் விட்டுட்டு வர்றேன்."

வழியில் காரை ஓட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "ஒரு கல்லப் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?"

"ஆமாண்ணே" என்றேன்.

ஃபெர்ரியின் மேல்தட்டில் காற்று முகத்தில் அடித்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் லீவு கிடைத்தபோது நான் யாருக்கும் போன் செய்து கேட்கவில்லை. ஒரு டிக்கெட் மட்டும் எடுத்தேன்.