நடுத்தர வயதுப் பெண்மணி எங்கிருந்தாலும் வரவும்

பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அறிவிப்பு செய்கிறவருக்கு மைக்கக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினாறு வருடமாக அதே நாற்காலி, அதே மைக். வீட்டிலும் அந்தக் குரல்தான். "அம்மா, சாப்பிட வான்னு சொன்னா போதும், பஸ் கிளம்பப் போற மாதிரி சொல்லாதே" என்பாள் மகள்.

ஆட்களைக் காணவில்லை என்று அறிவிப்பதும் அக்காதான். பெயரை மட்டும் மைக்கில் சொல்லக் கூடாது. ஒருமுறை பெயரைக் கேட்டுக்கொண்டு எவனோ சொந்தக்காரன் மாதிரி வந்து நின்றதிலிருந்து இந்த விதி. அதனால் வயதும் அடையாளமும்தான். குழந்தை, இளைஞர், நடுத்தர வயது, முதியவர்: நாலே கட்டம்.

இதில் நடுத்தர வயது எங்கே ஆரம்பம் என்பது முழுக்க அக்காவின் கையில்! முப்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பத்தைந்து என்று வைத்திருந்தார். தனக்கே முப்பத்தைந்து ஆனதும் நாற்பதுக்குத் தள்ளினார். நாற்பதில் அது நாற்பத்தைந்தானது. இப்போது அக்காவுக்கு நாற்பத்தாறு. கோடு நாற்பத்தெட்டில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு மதியம் மூன்றேகாலுக்கு ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்து ஜன்னலைத் தட்டினார். குழாய் ரிப்பேர் செய்கிறவர்.

"என் வீட்டுக்காரியைக் காணோங்க. தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரதுக்குள்ள ஆளைக் காணோம். டிக்கெட், பை, அவ போன், எல்லாம் எங்கிட்ட இருக்கு. மூணு நாப்பதுக்கு பஸ்!"

"பதறாதீங்க. எங்க போறாங்க?"

"வேலைல சேரப் போறா. துணி ஆலைல தரம் பாக்கிற வேலை. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. இதை விட்டா நாளைக்குத்தான் பஸ்."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

அப்பாடா, கோட்டுக்கு அந்தப் பக்கம்! அக்கா எழுதிக்கொண்டார். "என்ன கலர் துணி?"

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். "அது… ஒரு மாதிரி கலருங்க. கண்ணாடி போட்டிருப்பா."

"கண்ணாடி அணிந்த நடுத்தர வயதுப் பெண்மணி, எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணை அறைக்கு வரவும்."

மூன்று முறை சொல்லியாயிற்று. ஈ காக்கைகூட வரவில்லை. குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க சொல்றப்போ எனக்கே யாரோ வேற ஆளைத் தேடற மாதிரி இருக்குங்க. இருங்க, நானே பாத்துட்டு வரேன்" என்று ஓடினார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்! கேட்டுவிட்டு ஒருவராவது, இது நான்தான் என்று வந்ததுண்டா? குழந்தைகளை யாராவது தூக்கி வருவார்கள், பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டி வருவார்கள். அவர்களைத் தேடி இந்த ஜன்னலுக்கு ஓடி வருகிறவர்கள் எல்லோரும் அந்த நடுக் கட்டம்தான். எப்போதும் தேடியே பழகிய ஜனங்கள்! தன்னையும் ஒருவர் தேடுவார் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

மணி மூன்று முப்பத்தைந்து. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அக்கா, அந்த அம்மா இன்னும் கிடைக்கலையா? ஒண்ணாவது பிளாட்பாரத்துல இருந்து ஆறு வரைக்கும் பாத்துட்டேன், பாத்ரூம்லயும் தேடிட்டேன். பாவம், எங்க மயங்கி விழுந்தாங்களோ!"

"நீங்க?"

"எனக்கே ஆயிரம் தொல்லை. எங்க வீட்டுக்காரரு டிக்கெட்டோட எங்கயோ தொலைஞ்சுட்டாரு. குழாய் ரிப்பேர் பண்றவரு. அவரையும் ஒரு தடவை கூப்பிடுங்களேன், வயசு அம்பத்திரண்டு. நடுத்தர வயசு ஆளுன்னு சொல்லிடுங்க."

சொல்லும்போது கண் இமைக்கவே இல்லை! நாற்பத்தெட்டு தன்னைப் பார்த்து அக்கா என்றதை அக்கா அந்த நொடியே மன்னித்துவிட்டார். சிரிக்க நேரமில்லை. அப்படிக் கூப்பிட்டால் அந்த மனுஷனும் வரப்போவதில்லை. பதினாறு வருடத்தில் முதல் முறையாக மைக்கில் சாதாரணமாகப் பேசினார்.

"குழாய் ரிப்பேர் அண்ணா! உங்க வீட்டுக்காரம்மா கிடைச்சாச்சு, நாலாவது பிளாட்பாரத்துக்கு ஓடி வாங்க! நாலாவது பிளாட்பாரம் டிரைவர் அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் நிறுத்துங்க! நீங்க ஓடுங்கம்மா!"

ஒரு பக்கத்திலிருந்து இந்த அம்மா, இன்னொரு பக்கத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அவர். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸின் படியில் டிக்கெட் கைமாறியது. "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று அந்த அம்மா திட்டத் திட்ட, அவர் பையை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்தது. அப்பாடா, அந்த அம்மா ஏறிவிட்டார்!

கண்ணாடி அறையைத் தாண்டும்போது பஸ் ஜன்னலில் அந்த முகம் எட்டிப் பார்த்தது.

"அக்கா! அந்த நடுத்தர வயசு அம்மா கிடைச்சாங்களா?"

பஸ் பின்னாலேயே நடந்து வந்த குழாய்க்காரர், வேண்டாம் சொல்லிடாதீங்க என்று இரண்டு கையையும் ஆட்டினார். அக்கா கழுத்தை நீட்டிக் கத்தினார்.

"கிடைச்சிட்டாங்கம்மா! பஸ்ஸே ஏறிட்டாங்க!"

"அப்பாடா! தனியாவா போறாங்க? பாவம்!" என்று சொல்லியபடியே போனார் அந்த அம்மா, கல்யாணமான பிறகு முதல் தடவையாகத் தனியாக.