இரண்டு வீட்டாரும் அழைத்த ஒரே பாடகர்

என் கணவருக்கு ஜொகூர் பாருவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. சனி, ஞாயிறு வந்தால் மறைந்துபோன ஒரு பெரிய பாடகராகிவிடுவார். அதே கட்டம் போட்ட கோட்டு, அதே தங்க நிறச் சட்டமிட்ட கண்ணாடி, பாடும்போது இடது கையில் கசங்கும் அதே வெள்ளைக் கைக்குட்டை. பாடகர் உயிரோடு இருந்தவரை இவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், அவர் போன பிறகு கல்யாணத்துக்குக் கல்யாணம் அழைக்கிறார்கள்.

திங்கட்கிழமையாவது என் கணவர் திரும்பி வரலாம் அல்லவா? வருவதில்லை. மீன் பொரித்தால் புகை தொண்டைக்கு ஆகாது. குழம்பில் உப்பு குறைவு என்பதைக்கூடப் பாடகர் பேட்டி கொடுப்பது மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்வார்.

போன வருடம் பத்து பகாட் ஊரில் ஒரு கல்யாண விருந்து. எங்களை அழைத்தது பெண் வீட்டார். மண்டபத்தில் நுழைந்தால், மேடை ஓரத்தில் அதே கட்டம் போட்ட கோட்டோடு இன்னொருவர் நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் யோங் பெங்கிலிருந்து வரவழைத்தவராம். இரண்டு வீட்டாரும் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கலாம்.

"அண்ணே, ஐயாவுக்கு இவ்ளோ தொப்பை கிடையாது," என்றார் யோங் பெங்காரர்.

"நான் பாடறது கடைசி காலத்துக் குரல். அப்ப இருந்துச்சு," என்றார் என் கணவர்.

"நான் ஆரம்ப காலம். ஜனங்க அததான் கேப்பாங்க."

பின்வரிசையில் யோங் பெங்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, உங்க வீட்லயும் ஐஸ் தண்ணி கிடையாதா?" என்று மெல்லக் கேட்டார். எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் பெண்ணின் அம்மா பொறுமையிழந்து மேடைக்கே போய்விட்டார். "அலமாக்! ரெண்டு பேரும் சேந்தே பாடுங்க லா. சாப்பாடு ஆறுது."

சரணத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டார்கள். யோங் பெங்காரர் இளமைக் குரலில் எடுக்க, அதே பாட்டை என் கணவர் தளர்ந்த குரலில் வாங்கினார். ஒரே மனிதர் எங்கள் கண் முன்னால் வயதாகிப்போனது போலிருந்தது. என் கணவர் மூச்சு எங்கே வாங்குவார் என்பதுவரை எனக்குத் தெரியும். அப்படியும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் ஐயா இவ்ளோ சீக்கிரம் போயிட்டீங்க?" என்று அழுதார்.

என் கணவர் அந்தக் குரலிலேயே, "மன்னிச்சிருங்க," என்றார்.

கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அந்த வார்த்தையை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பெரியவரின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, என்னால் கோபப்பட முடியவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது இருவரும் ஜோடியாகத்தான் போகிறார்கள். ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில். போன வாரம் என் கணவர் முகமெல்லாம் மலர வந்தார்.

"நடு வயசுக் குரலுக்கும் ஆள் கெடைச்சிருச்சு. மூவார்காரரு. ஞாயித்துக்கெழம வராரு, கொஞ்சம் சேத்து சமைச்சிரு."

"அப்ப என் வீட்டுக்காரரு எங்க உக்காருவாரு?" என்று கேட்டேன்.

அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, நிதானமாகச் சிரித்தார்.