கடலடி மலையும் கும்மிடிப்பூண்டி மெக்கானிக்கும்

நடுக்கடலில் ப்ரீஸர் ரிப்பேர் பார்ப்பவனுக்கு மேலதிகாரிகள் இரண்டு பேர்: படகு ஓட்டுபவர் ஒருவர், சொந்த வயிறு இன்னொருவர், இரண்டாமவர்தான் ரொம்பக் கண்டிப்பு.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஷிப்ட் பஸ்ஸைத் துரத்திய தோழர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். அங்கே ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் குளிர் அறை கம்ப்ரஸர் பார்த்தேன். கம்பெனியை மூடினார்கள். ஐந்து மாதம் திருவள்ளூரில் வீட்டோடு கிடந்தேன். அப்பா இந்த வயதிலும் கோயில் மடப்பள்ளி வேலைக்குக் கிளம்புவார். நான் அவருக்குக் கதவைத் திறந்து விடுவேன். அந்த நேரத்தில்தான் ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு ஒன்றுக்கு ப்ரீஸர் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். படகின் சொந்தக்காரரும் டிரைவரும் ஒருவரே: பழவேற்காட்டுக்காரர் தனசேகர் அண்ணன். ஒரு டிரிப் பார்ப்பேன், சரிப்பட்டால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் வருத்தப்படக்கூடாது என்றார். பரம்பரையாக மீனைத் தொடாத வைஷ்ணவக் குடும்பத்திலிருந்து ஒருவன் இப்படித்தான் மீன்பிடிப் படகில் ஏறினான்.

டீ குண்டான்

முதல் மூன்று நாள் நான் வேலை பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு என் உள்ளே இருந்ததையெல்லாம் கொடுத்தேன். நாலாம் நாள்தான் பசித்தது. சமையல்காரர் தேசப்பன் அண்ணன் மூன்று வேளையும் மீன் குழம்பு வைப்பவர். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் அடுப்படிக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மிளகு ரசம் மணந்தது.

தட்டை வாங்கிய பிறகு எனக்குச் சந்தேகம். பசிக்கிற வாய்க்கு இது அதிகம்தான், ஆனாலும் கேட்டுவிட்டேன், பாத்திரம் எது என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “டீ போடற குண்டான் சாமி. அதுல மீனைப் போட்டா டீ நாறும். இவனுங்க என்னிய கடல்ல தூக்கிப் போட்ருவானுங்க.”

மலை வருது

நாங்கள் போனது ஒரு மலைக்கு. கடலுக்கு அடியில் இருக்கும் மலை. நீரோட்டம் அதில் மோதி மேலே எழும்பும், அதோடு இரை வரும், இரையைத் தேடி சூரை வரும் என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார்கள். ஏழாம் நாள் காலை டிரைவர் கேபினில் ஆழம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் மீட்டர் என்றிருந்தது ஆயிரத்து ஐநூறு ஆனது. அப்புறம் எண்ணூறு. அப்புறம் ஐநூறு. கம்பெனியில் எந்த மீட்டராவது இந்த வேகத்தில் இறங்கினால் நான் செய்வது ஒன்றுதான். எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

ஒன்பது பேர் படகில் ஏழு பேர் சிரித்தார்கள். தனசேகர் அண்ணன் மட்டும் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “உச்சிக்கு மேல முந்நூறு மீட்டர் தண்ணி கீது சாமி. உங்க ஊரு கோபுரத்த நாலு அடுக்கு அடுக்கினா கூட முட்டாது.”

பத்து மணிக்குத்தான் கதவு

குளிர் அறைக் கதவை ஆளாளுக்குத் திறந்தார்கள், குடிதண்ணீர் பாட்டிலைச் சில்லென்று ஆக்குவதற்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி வழக்கப்படி ஓர் அட்டையில் ‘காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மட்டும்’ என்று எழுதி ஒட்டினேன். ஒட்டியதற்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மலை மேல் மீன் கடித்தது பாருங்கள், தூண்டில் கயிற்றை இழுக்க இழுக்க சூரை. உதவி செய்யப் போன நான் திரும்பி வந்தால், சுத்தம் செய்த மீனெல்லாம் ஈரச் சாக்குக்கு அடியில், வெயிலில். பக்கத்தில் மூர்த்தி, என் வயதுக்காரர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டையில் பத்து என்று போட்டிருக்கிறதே என்றார்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவசரமாக எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினோம். நல்லவேளை, மீன் தப்பியது. என் வேலை தப்பாது என்று முடிவு கட்டிவிட்டேன். தனசேகர் அண்ணன் அட்டையைக் கிழித்து என் கையில் கொடுத்தார். “மீனுக்கு உன் ஷிப்ட் டைம் தெரியாது சாமி.”

சொறி

இரண்டு நாள் கழித்து, அறை நிறைய மீன் இருக்கும்போது கம்ப்ரஸர் நின்றது. ஓடவிட்டால் சூடாகி மறுபடி நிற்கிறது. கேஸ் பார்த்தேன், வால்வு பார்த்தேன், வயரிங் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே குளிர் குறைந்துகொண்டே வந்தது. அந்த மீன் கெட்டால் ஒன்பது வீட்டு உழைப்பும் போச்சு, நானும் போச்சு. மறுபடி கேஸிலிருந்தே ஆரம்பித்தேன்.

மூர்த்தி வந்து பக்கத்தில் குந்தினார். எந்திரத்தை ஆற்றும் கடல் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மெதுவாகக் கேட்டார். கம்பெனியில் தண்ணீர் தொட்டியிலிருந்து வரும். அதைச் சந்தேகப்பட்டே பழக்கம் இல்லை. வடிகட்டியைத் திறந்தால் உள்ளே கொழகொழவென்று சொறி, அதாவது ஜெல்லி மீன், அடைத்துக் கிடந்தது. வாரி எறிந்தோம். கம்ப்ரஸர் ஓடியது. விஷயம் கேட்டு ஓடி வந்த டிரைவரிடம் நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மூர்த்தி முந்திக்கொண்டார். “சாமிதான்ணா கண்டுபுட்ச்சாரு. நான் சும்மா டார்ச் புட்ச்சேன்.”

ஊட்டு மீன்

அந்த ஆளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? திரும்பி வரும் வழியில் உண்மையை டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். என்னை வைத்துக்கொள்வேன் என்றோ வேண்டாம் என்றோ கரை வரும்வரை சொல்லவில்லை.

துறைமுகத்தில் சரக்கு இறங்கியதும் படகு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ‘ஊட்டு மீன்’ என்று வீட்டுக்குழம்புக்கு மீன் கொடுப்பது வழக்கமாம். விருந்தாளிக்குக் கிடையாது, வேலையை விட்டுப் போகிறவனுக்குக் கிடையாது, அடுத்த டிரிப்புக்கு வருகிறவனுக்கு மட்டும். மூர்த்தி சொல்லித்தான் தெரியும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். தனசேகர் அண்ணன் ஐஸ் வைத்துக் கட்டிய ஒரு பெரிய பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்றேன். “துன்றதும் துன்னாததும் உன் இஷ்டம். போட் ஆளை வெறுங்கையோட ஊட்டுக்கு அனுப்ச்சா எனக்குத்தான் அசிங்கம். பத்து நாள்ல கெளம்பறோம், வந்துடு சாமி.”

ஆக, மீன் வாசனையே ஏறாத எங்கள் வீட்டுக்கு இப்போது மீன்தான் சோறு போடுகிறது. அதற்கு நன்றி சொல்ல எனக்கொன்றும் கூச்சமில்லை, அன்றைக்கு அந்தப் பொட்டலத்தோடு ஏறிய திருவள்ளூர் லோக்கல் ரயிலில் என் பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை.